மாஸ்டரின் வலது கால்

சேலத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் அன்னக்கொடி என்றொரு பயிற்சியாளர் இருந்தார். வயது முப்பதுதான். பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்து எழுந்தால், பக்கத்தில் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயடைத்துப் போவார்கள். அப்படியொரு அழகு.

அவரிடம் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் சிகாமணி. ஏற்காடு பேருந்தில் நடத்துநர், நாற்பதைத் தாண்டியவர். தன்னைவிட இளையவரான அன்னக்கொடியை வாய் நிறைய ‘மாஸ்டர்’ என்பார். அன்னக்கொடி அவரை ‘அண்ணே’ என்பார். மாஸ்டர் மேல் மனுஷனுக்கு அத்தனை பக்தி. அந்தப் பக்திதான் வினையாகப் போயிற்று.

மாஸ்டர் ஒரு மாதம் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். சிகாமணி சும்மா இருக்கவில்லை. மாஸ்டரின் வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டு, அணு பிசகாமல் அப்படியே உட்கார்ந்து பழகினார். வலது பாதம் அரைச் சாண் முன்னால். உடம்பு இடப்பக்கம் ஒரு சாய்வு. சூட்சுமம் பிடிபட்டுவிட்டதென்று ஒரே பூரிப்பு.

மாஸ்டர் திரும்பியபோது சிகாமணியின் இடது முழங்கால் படியேறவே முரண்டு பிடித்தது. அடுத்த மாதம் வலுதூக்கும் போட்டியின் மூத்தோர் பிரிவுக்கு மாவட்டத் தேர்வு. பள்ளிக்கூட நாளில்கூட ஒரு பந்தயத்திலும் நின்றிராத மனிதருக்கு அதுதான் முதல் மேடை. அது கை நழுவிப் போய்விடுமோ என்று மாஸ்டரிடம் வந்து நின்றார்.

“அச்சு அசலா உங்கள மாதிரிதான் உட்கார்றேன், மாஸ்டர். இடது தொடை எரியுது. வலது சும்மா கெடக்குது. எங்க தப்பு?”

வெறும் கம்பியோடு அவரை ஒருமுறை உட்காரச் சொல்லிப் பார்த்தார் அன்னக்கொடி. பிறகு கம்பியை வாங்கிக்கொண்டார்.

“பஸ்ல நிக்கிற மாதிரி நில்லுங்க, அண்ணே.”

“பஸ்லயா?”

“கொண்டை ஊசி வளைவு. நல்ல கூட்டம். கையில டிக்கெட் மிஷின். எதையும் பிடிக்கக் கூடாது.”

சிகாமணி நின்றார். பாதங்கள் தாமாக விலகின. விரல்கள் சற்றே வெளிப்பக்கம் திரும்பின. முழங்கால்கள் இளகின.

“காலை அசைக்காதீங்க.” கம்பியை அவர் தோளில் வைத்தார் அன்னக்கொடி. “இடுப்பைக் கொஞ்சம் பின்னால தள்ளி உட்காருங்க.”

உட்கார்ந்தார். எழுந்தார். முழங்கால் முரண்டு பிடிக்கவில்லை.

“ரெண்டு தொடையும் இழுக்குது, மாஸ்டர்! பின்பக்கமும் சேர்ந்து இழுக்குது!”

சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. கூடவே ஒரு சங்கடமும் வந்தது.

“அப்ப, வீடியோவுல நீங்க உட்கார்ந்தது தப்பா?”

அன்னக்கொடி வலது காலின் பேண்ட்டை மேலே சுருட்டினார். கணுக்காலைச் சுற்றி நீளமாகத் தழும்பு.

“வண்டியில அடிபட்டது. கணுக்கால் சரியா மடங்காது. முன்னால வச்சாத்தான் என்னால உட்கார முடியும்.”

இந்தக் காலை வைத்துக்கொண்டா இத்தனையும்! சிகாமணிக்குக் கை எடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

“இத யாரு மாஸ்டர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?”

“யாருமில்ல. தினமும் இந்தக் காலைத்தான் கேட்டேன்.”

பேண்ட்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

“நீங்களும் உங்க காலை விட்டுட்டு இந்தக் காலைத்தான் கேட்டிருக்கீங்க, அண்ணே.”