ஒன்பது நாள் கொட்டாங்குச்சி

பொய்யின்னா சொல்றே மயிலு? ஊர்ந்து போற தண்ணி கடலையே தடுத்துச்சுடி. முழுசாக் கேளு, அப்புறம் சிரி.

ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல, கோரை மண்டுன சதுப்புல ஒரு ஊரு இருந்துச்சாம், அதுல செங்காணின்னு ஒரு மீன்காரி இருந்தாளாம். ஆடி பொறந்தா, ஆத்துத் தண்ணி சதுப்புக்குள்ள நுழையுற இடத்துல ஒரு கொட்டாங்குச்சியை மிதக்க விடுவா. அது கோரைக்குள்ள பூந்து பூந்து ஒன்பதாம் நாள்தான் கடல்கிட்ட வரணும். முந்தி வந்துச்சுன்னா எங்கயோ தண்ணி வழி அறுத்துக்கிட்டு வேகமா ஓடுதுன்னு அர்த்தம், ஊரே தேடிப்போய் கோரையை வேரோட வச்சு அடைக்கும். மெல்லப் போனாத்தானே மீன் முட்டை வைக்கும், வண்டல் படியும், நல்ல தண்ணி மண்ணுல இறங்கிக் கிணத்துக்கு வரும்?

அந்த ஊரு ராசா இருக்கானே, சரியான அவசரக்காரன். முகூர்த்தத்துக்கு முன்னாடியே ஓடிப்போய், கல்யாணப் பொண்ணுன்னு நெனச்சு தோழிப்பொண்ணு கழுத்துல தாலி கட்டப் பாத்தவன்! ராணி மூணு மாசம் பேசலையாம், அப்புறம் அவங்கப்பா வந்து... சரி, எங்க விட்டேன்? ஆங், கொட்டாங்குச்சி. ராசா அதைப் பாத்துட்டு, "என்ன சோம்பேறித் தண்ணி இது? என் படகு ஒரே நாள்ல கடலுக்குப் போகணும், நேரா வாய்க்கால் வெட்டுங்கடா"ன்னுட்டான்.

"வேணாம் ராசா, இந்தத் தண்ணி நின்னு போறதாலதான் என் கிணத்துல ஊத்து இருக்கு"ன்னா செங்காணி.

"போம்மா, நீ அரண்மனைக்கு வந்து சேரவே ஒன்பது நாள் ஆகும்போல"ன்னு சிரிச்சான்.

வெட்டுனாங்க. கொட்டாங்குச்சி மத்தியானமே கடலுக்குப் போயிருச்சு, ராசா கைதட்டுனான். அப்புறம்? முதல் மாசம் மீன் போச்சு, ரெண்டாம் மாசம் நாரை போச்சு, மூணாம் மாசம் ஆறு வத்துச்சு, அதே நேர்வழியா கடல் உள்ள வந்துருச்சு. செங்காணி கிணறு உப்பு, ஊர்க் கிணறு உப்பு, அரண்மனைக் கிணறும் உப்பு.

ராசா கஞ்சியை வாயில வச்சுட்டு, "எவடி இம்புட்டு உப்பைப் போட்டது?"ன்னு கத்துனான்.

"நீங்கதான் ராசா"ன்னா, மிச்சமிருந்த கருவாட்டைக் கொடுக்க வந்த செங்காணி.

ராசாவுக்குத் தலை தொங்கிப்போச்சு. "இப்ப என்னம்மா செய்யணும்?"

"வாய்க்காலை மண்ணு போட்டுத் தூத்துட்டு, அது மேல கோரை நடணும். முதல் கூடை மண்ணு உங்க தலையில."

சுமந்தான். அடுத்த ஆடியில கொட்டாங்குச்சி மூணு நாள்ல வந்துச்சு. "ஆச்சாம்மா?" "ஆகலை, சுமங்க." மறு ஆடி, ஆறு நாள். "ஆச்சாம்மா?" "ஆகலை, சுமங்க." அதுக்கும் அடுத்த ஆடி, முழங்கால் சேத்துல ராசா கொட்டாங்குச்சி கூடவே நடந்தான், ஒன்பது நாள் நடந்தான். செங்காணி தன் கிணத்துல மொண்டு கொடுத்தா. குடிச்சான். இனிச்சுச்சு.

"இப்ப ஆச்சு"ன்னா.

கடல் கடல் பக்கம், கதை உன் பக்கம். அவசரப்பட்டவன் மண்ணு சுமந்தான், அவ்வளவுதான்.

அடியே மயிலு, தூறல் போடுதுடி! முத்தத்துல காயுற கருவாட்டை உள்ள எடுத்துட்டு வா. அசைஞ்சு அசைஞ்சு போகாதடி, ஓடு!