நானூறா, அறுநூறா?

"நானூறா, அறுநூறா, டீச்சர்? இன்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஜெபமணி டாக்டர் இதைக் கேட்பது எத்தனையாவது முறை என்று அவருக்கே தெரியாது. ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செண்பகவல்லி டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கீங்களே. லென்ஸ் வாங்கத்தான்."

"அது தெரியுது. எதப் படம் எடுக்க?"

"ஆள்காட்டிய."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

இந்த இடத்தில் இரண்டு பேரையும் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. குருவுக்கு வயது முப்பத்திரண்டு. அரசுப் பள்ளியில் உயிரியல் டீச்சர். சீடருக்கு ஐம்பத்தெட்டு. ஊரில் பேர் வாங்கிய பல் டாக்டர். முன்வழுக்கையும் பின்வழுக்கையும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துப் பத்து வருடம் ஆகிறது. சீடர் மூத்தவராக இருப்பதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது.

போன ஐப்பசியில் நூலகத்தில் பறவைப் படங்களின் கண்காட்சி. டாக்டர் மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனார். ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது.

ஆள்காட்டிக் குருவி ஒன்று. குளத்துத் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து தன் முட்டைகளின் மேல் நிற்கிறது. வயிற்று இறகில் ஒரு சொட்டு நீர் தொங்குகிறது. முட்டையின் மேல் விழப் போகிறது. இன்னும் விழவில்லை.

விழட்டும் என்று டாக்டர் நின்றார். மழை விட்டது. நூலகத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அப்போதும் விழவில்லை.

படத்தின் கீழே செண்பகவல்லி என்று பெயர் போட்டிருந்தது. இப்படி ஒன்றைப் பார்க்க ஒரு மனுஷிக்குக் கண் வாய்த்திருக்கிறதே என்று டாக்டர் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார். மறுநாளே காமிரா வாங்கினார். அதற்கு மறுநாள் லென்ஸில் போய் மாட்டிக்கொண்டார்.

நூறு-நானூறு என்று ஒரு லென்ஸ். கைக்கு அடக்கமானது. நூற்றைம்பது-அறுநூறு என்று இன்னொன்று. தூரத்தில் இருப்பதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், கனத்தில் தோளைக் கழற்றிவிடும். ஒருத்தர் நானூறே போதும் என்றார். இன்னொருத்தர் அறுநூறு இல்லாமல் காட்டுப் பக்கமே போகாதே என்றார். டாக்டர் எல்லார் பேச்சையும் கேட்டார், எல்லாரையும் நம்பினார். நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டுச் செல்போனில் லென்ஸ் பார்க்கிறார் என்று அவருடைய நர்ஸே வெளியில் சொல்லிச் சிரிக்கும்படி ஆகிவிட்டது.

"படத்துல அவ எவ்வளவு பெரிசா வேணும் உங்களுக்கு?" என்று டீச்சர் கேட்டார். ஆள்காட்டியை அவர் எப்போதும் 'அவ' என்றுதான் சொல்லுவார்.

டாக்டர் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"உங்க படத்துல இருக்காள்ல, அந்த மாதிரி. படம் முழுக்க அவதான். வேற ஒண்ணுமே இருக்கக் கூடாது."

டீச்சர் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம காலைல ஆலடிக்குளத்துக்கு வாங்க. ரெண்டு லென்ஸும் கொண்டாங்க."

"என்கிட்ட ஒண்ணுகூட இல்லையே டீச்சர்."

"யாருகிட்டயாவது இரவல் வாங்குங்க. தொப்பி மறந்திராதீங்க. வெயில் பொல்லாதது."

இரவலுக்குப் பஞ்சமில்லை. ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு டாக்டர் கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் பிடுங்கியிருந்தார். அவர் இரண்டையும் ஒரு நாளைக்குக் கொடுத்தார்.

*

வைகாசி மாதம். ஆலடிக்குளத்தில் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த மண், சரளைக் கல், ஆட்டுப் புழுக்கை. மணி பத்தாகவில்லை. அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு கரையில் நின்றார்.

"அந்த ஒத்தப் பனைக்கு நேரா, தரையில பாருங்க."

டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சரளைக்கு நடுவில் ஒரு கல்லுக்குச் சிவப்பு மூக்கு இருந்தது.

"உக்காந்திருக்கா!"

"அடியில நாலு முட்டை. இன்னும் நாலு நாள்ல பொரிஞ்சிரும். போங்க. ஆனா அவ உக்காந்தே இருக்கணும்."

"எந்திரிச்சா?"

"எந்திரிச்சா முட்டை நாலும் வெயில்ல கிடக்கும்."

டாக்டர் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே நானூறை மாட்டிக்கொண்டிருந்தார்.

நடந்தார். பாதி வழியில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒன்று ஒற்றையாகக் கிடந்தது. குளத்தைக்கூட விட்டுவைக்கவில்லையே, கண்டதையும் கொண்டுவந்து போடுகிறார்களே என்று நொந்துகொண்டே அதைத் தாண்டிப் போனார்.

நின்று, காமிராவுக்குள் பார்த்தார். குருவி புள்ளியாக இருந்தது.

இன்னும் பத்துத் தப்படி வைத்தார். குருவி கழுத்தை உயர்த்தியது. நல்ல தோரணை என்று ஒரு படம் எடுத்தார்.

இன்னும் பத்து. குருவி எழுந்து நின்றது. அதையும் எடுத்தார்.

இன்னும் பத்துத்தான் வைத்திருப்பார். குருவி 'கிர்ர்' என்று கத்திக்கொண்டு மேலே எழும்பியது. எங்கிருந்தோ அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் டாக்டரின் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின.

டாக்டருக்குக் கொண்டாட்டம். இப்போது பறவை பெரிதாகக் கிடைத்தது. திறந்த அலகு, விரிந்த சிறகு. தரையில் முட்டைகள்கூடத் தெரிந்தன. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டைகள், சுற்றிலும் புழுக்கை அடுக்கிய குழியில். டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்தார். எப்படியும் திரும்பி வந்து உட்காரும், அப்போது பொத்தானை அமுக்கிவிடலாம் என்று காத்திருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"தொப்பியக் குடுங்க டாக்டர்."

"எதுக்கு டீச்சர்?"

"குடுங்களேன்."

கொடுத்தார். டீச்சர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தன் குடையையும் மடக்கினார். பக்கத்தில் சும்மா நின்றார்.

டாக்டர் குருவிக்காகக் காத்திருந்தார். குருவி இறங்கவில்லை.

ஒரு நிமிடம் போயிருக்கும். உச்சந்தலை கதகதவென்று இருந்தது. பிறகு காந்தியது. பிறகு, தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தாற்போல ஆனது. டாக்டர் ஒரு கையால் காமிராவைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தலையில் வைத்தார். தலை சுட்டதில் கையை எடுத்துவிட்டார்.

"டீச்சர், மண்டை கொதிக்குது. தொப்பியக் குடுங்க."

டீச்சர் அண்ணாந்து குருவியைப் பார்த்தார். அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"அவளும் அதத்தான் கேக்கா."

டாக்டர் காமிராவை இறக்கினார்.

முட்டைகளைப் பார்த்தார். நாலும் மொட்டையாக வெயிலில் கிடந்தன.

அவர் எழுந்தார். தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. முட்டைகளைப் பார்த்தபடியே பின்னால் நகர ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயதில் சரளையில் பின்னோக்கி நடப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு முறை தடுமாறினார். டீச்சர் கை கொடுக்கவில்லை, அவரும் கூடவே பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

பத்துத் தப்படியில் குருவிகள் சுற்றுவதைக் குறைத்தன.

இருபதாவது தப்படியில் ஒன்று தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. மற்றது தரையில் இறங்கியது.

"வாரா," என்றார் டாக்டர்.

"பேசாம நடங்க."

குருவி ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது. தலையை மேலும் கீழும் ஆட்டி டாக்டரைப் பார்த்தது. டாக்டர் இன்னும் பத்துத் தப்படி பின்னால் வைத்தார். அது இன்னும் கொஞ்சம் ஓடியது. டாக்டர் இப்போது மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். போ தாயி, போய் உக்காரு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், போயிரு.

குதிகாலில் ஏதோ தட்டியது.

குருவி முட்டைகளுக்கு மேல் போய் நின்றது. இறகைச் சிலிர்த்தது. மெதுவாக, ஒரு பக்கமும் மறுபக்கமும் அசைந்து, உட்கார்ந்தது.

குளத்தில் சத்தம் ஓய்ந்தது. டீச்சர் தொப்பியை எடுத்து டாக்டரின் தலையில் வைத்தார்.

டாக்டர் குனிந்து காலடியில் பார்த்தார். நீல வார்.

"இந்தச் செருப்பு..."

"என்னோடதுதான். வருஷா வருஷம் சித்திரையில போடுவேன்."

"ஏன் இங்கன?"

"அவ சொன்ன இடம்."

டாக்டர் யாரும் சொல்லாமலே நானூறைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அறுநூறை எடுத்து மாட்டினார். தோள் ஒரு பக்கமாக இழுத்தது. கண்ணை வைத்துப் பார்த்தார்.

"அறுநூறுலயும் சின்னதாத்தானே தெரியுறா டீச்சர்."

அது புகார் இல்லை. பயந்துபோய்ச் சொன்னார். ஏழு மாத ஆசை அவருக்கு.

டீச்சர் செல்போனை எடுத்து எதையோ தேடினார். நீட்டினார்.

அந்தப் படம். நூலகத்தில் பார்த்த அதே படம். வெடித்த மண் விளிம்பு வரைக்கும் பரந்து கிடந்தது. ஒரு மூலையில் பனையின் நிழல். இன்னொரு மூலையில் தண்ணீரின் மினுக்கம். நடுவில், தேடினால் கிடைக்கிற இடத்தில், ஒரு குருவி.

டாக்டர் சுண்டுவிரல் நகத்தைக் குருவியின் மேல் வைத்துப் பார்த்தார். குருவி மறைந்துவிட்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஏழு மாசமா என் கண்ணுல இவ படம் முழுக்க இருந்தாளே டீச்சர்."

"இருந்துட்டுப் போறா."

டாக்டர் நகத்தை எடுத்தார். குருவி திரும்பி வந்தது. வயிற்றில் சொட்டும் இருந்தது.

"இது எந்த லென்ஸ்ல எடுத்தீங்க?"

"அறுநூறுல. பழசு. ஒரு மணி நேரம் தூக்குனா தோளு போயிரும்."

"நானூறு வாங்கியிருக்கலாமே."

"செருப்பு இன்னும் கிட்டக்க கிடந்திருந்தா வாங்கியிருப்பேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. தன்னைவிட இருபத்தாறு வயது இளைய இந்தப் பெண்ணின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் போல இருந்தது. சரளை சுடும் என்பதால் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று தோன்றியது, கேட்டுவிட்டார்.

"உங்க தொப்பிய யாரு டீச்சர் எடுத்தா?"

டீச்சர் குடையை விரித்தார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"யாரும் எடுக்கல," என்றார். "நான் முதல்ல படம் பிடிச்ச கூட்டுல நாலு முட்டையும் பொரியல."

டாக்டர் டீச்சர் மேல் வைத்திருந்த மதிப்பு அந்த நிமிடத்தில் ஒரு பிடி கூடியது.

காமிராவைத் தூக்கினார். உள்ளே குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பழைய ஆசை போய்விடவில்லை. ஒரே ஒரு தப்படி வைத்தால் என்ன என்று வலது கால் தானாகச் செருப்பைத் தாண்டியது.

குருவியின் கழுத்து உயர்ந்தது.

டாக்டர் காலைப் பின்னால் எடுத்தார். கழுத்து இறங்கியது.

அப்படியே நின்றார். தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டார்.

தண்ணீர்ப் பக்கம் போயிருந்த ஜோடிக் குருவி நடந்து வந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கிற ஜாதி அது. வயிறு நனைந்து இறகுகள் ஒட்டிக் கிடந்தன. உட்கார்ந்திருந்தது எழுந்து விலகிக்கொடுத்தது. வந்தது முட்டைகளுக்கு மேல் கால்களை அகட்டி நின்றது. டாக்டரைப் பார்த்தது. அவர் இருந்த தூரத்தைப் பார்த்தது. அதற்கு ஆட்சேபம் இல்லை.

வயிற்று இறகில் வெயில் பட்டு ஏதோ மின்னியது.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துட்டீங்களா டாக்டர்?" என்றார் டீச்சர், கொஞ்சம் உரக்க.

டாக்டர் கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா டீச்சர்," என்றார். "சொட்டு விழுந்திருச்சு."