சங்கு இல்லை என்ற கணினி

அந்த மடத்துச் சீடர்கள் என்றதும் ஊரார் தில்லைவாணனைச் சொல்வார்கள், சிற்றம்பலத்தைச் சொல்வார்கள். மெய்யம்மையை யாரும் சொல்வதில்லை. அவள் குருவைவிட மூத்தவள். பாடம் நடக்கும் கூடத்தில் உட்காராமல் பக்கத்துக் கணினி அறையில் இருப்பவள். அவ்வளவுதான் காரணம்.

மடத்தின் கீழே ஆறு. வெள்ளம் ஏறினால் கணினியில் ‘சங்கு’ என்று தட்டுவாள். தனிக் கம்பி வழியே கீழ்க்கரை ஊரில் அபாயச் சங்கு அலறும். அவள் தங்கை குடும்பமும் அந்த ஊரில்தான் இருந்தது.

கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளே ஆறு பெருக்கெடுத்தது. மழையில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. மெய்யம்மை தட்டினாள்.

‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்றது திரை.

மறுபடியும் தட்டினாள். இல்லை.

“எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழையதை ஏற்றுங்கள் அக்கா,” என்றான் தில்லைவாணன்.

“அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். உன் உத்தரவுக்காகத் தண்ணீர் நிற்குமா?”

“இல்லாத சங்கை எப்படி ஊதுவீர்கள்?”

அவள் விரல் அழிக்கும் விசைமேல் போய் நின்றது.

குரு நனைந்தபடி உள்ளே வந்தார்.

“சங்கு அழிந்துவிட்டது குருவே,” என்றாள் மெய்யம்மை.

“யார் சொன்னது?”

“கணினி. இல்லை என்கிறது.”

குரு திரையைப் பார்க்கவில்லை. வெள்ளம் வந்தால் கூடத்தில் தலை எண்ணுவது மடத்து வழக்கம். சிற்றம்பலம் அங்கே எண்ணிக்கொண்டிருந்தான். குரு கணினி அறை வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“சிற்றம்பலம்! மெய்யம்மையம்மா இருக்கிறாரா?”

“இல்லை குருவே! கூடம் முழுக்கப் பார்த்துவிட்டேன். பயந்துபோய் ஊருக்கு ஓடியிருப்பார்!”

மெய்யம்மைக்குச் சுருக்கென்றது. “நானா ஓடினேன்? இங்கே கல்லு மாதிரி நிற்கிறேன். இந்த அறையை எட்டிப் பார்க்க அவனுக்கு என்ன கேடு?”

“கூடத்தில் பார் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறது,” என்றார் குரு.

அவள் விசையிலிருந்து கையை எடுத்தாள்.

கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதைத் திறந்து பார்த்தாள். புதுப்பித்தபோது வரி புதிதாக எழுதப்பட்டிருந்தது. சங்குக் கட்டளை இருக்கும் கோப்புறை அதில் விட்டுப்போயிருந்தது. சங்கை அந்தக் கோப்புறையில் வைத்தவளே அவள்தான். வெறும் பெயரை விட்டுவிட்டு, கோப்புறை கோப்புறையாக அதன் முழு முகவரியையும் தட்டினாள்.

கீழ்க்கரையில் சங்கு அலறியது. ஊர் மேடேறத் தொடங்கியது.

விட்டுப்போன இடத்தையும் வரியில் சேர்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“இதை நான் திருத்திவிட்டேன். கூடத்தில் மட்டும் தேடச் சொன்னதை யார் திருத்துவது?”

“அந்த விதியை எழுதியவன் நான், அம்மா. நான்தான் திருத்த வேண்டும்.”



ஆனால் குரு அதைத் திருத்தவில்லை. அடுத்த மழைக்கு முன் அவள் கீழ்க்கரைக்குக் குடிபோனாள். சாகும்வரை அந்த ஊர்ச் சங்கை அவளே பார்த்துக்கொண்டாள்.