பொன்னலகி கதவை அடைத்த கதை

இருவாச்சிகள் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் பறந்த காலம் ஒன்று இருந்தது. மிருகமும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது. மஞ்சள் அலகும் தலைமேல் கொண்டையுமாக இருக்கும் அந்தப் பெரிய பறவைகளுக்கு அப்போது இரண்டு ராஜ்யங்கள் இருந்தன. ஒன்று மேற்குமலையில், இன்னொன்று கிழக்குமலையில். நடுவே ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு பெரிய அத்திமரம். அந்த மரம் யாருக்கு என்பதில்தான் ஓயாத சண்டை.

மேற்குமலை இளவரசன் சேந்தனும் கிழக்குமலை இளவரசி பொன்னலகியும் அந்த மரத்தில் ஒரே பழத்தைக் கொத்தப் போய், அலகோடு அலகு மோதி, ஆசைப்பட்டு, இரண்டு ராஜ்யத்தையும் சமாதானம் செய்து கல்யாணம் கட்டிக்கொண்ட கதையைக் காட்டில் எல்லாரும் சொல்வார்கள். கல்யாணப் பந்தியோடு அதை நிறுத்தியும் விடுவார்கள். சாப்பிட்ட பழம்தான் அவர்களுக்கு ஞாபகம். பந்தி முடிந்த பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்.

சமாதானப் பேச்சின்படி அத்திமரத்தைக் கிழக்குமலைக்காரர்கள் காவல் காத்தார்கள், மேற்குமலைக்காரர்கள் பாதிப் பழத்தை எடுத்துக்கொண்டார்கள். சேந்தன் மாமனார் மலையிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துவிட்டான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், மேற்குமலை ராஜா பெருங்கொண்டையாரைத் தவிர. அவருக்கு முழு மரமும் வேண்டும். ஒருநாள் அவர் மகனைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னடா, மாமனார் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போலிருக்கே! தொப்பை போட்டிருச்சு."

"எதுக்குப்பா வரச் சொன்னீங்க?"

"அங்க உன்னை என்னன்னு கூப்பிடறாங்க? ராஜான்னா? இளவரசர்ன்னா?"

கிழக்குமலையில் சேந்தனைச் சின்னக் குஞ்சிலிருந்து பெரிய கிழம் வரைக்கும் "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அப்பா கேட்ட விதத்தில் அது கேலியாகத் தோன்றிவிட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பெருங்கொண்டையார் அவன் காதோரம் வந்தார். "அத்திமரக் காவல் எப்ப அசரும்னு மட்டும் சொல்லு. மரம் நமக்கு, பட்டம் உனக்கு."

விடியற்காலையில் மூடுபனி இறங்கும்போது காவல்காரர்கள் மொத்தமாக ஆற்றுக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். பொன்னலகி அவனிடம் சிரித்துக்கொண்டே சொன்ன வீட்டு ரகசியம் அது. அதைச் சேந்தன் சொல்லிவிட்டான். சொன்ன மறுநிமிடமே அவனுக்கு வாய் கசந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

மறுநாள் மேற்குமலைப் படை மூடுபனிக்குள் ஓசையே இல்லாமல் வந்து அத்திமரத்தில் இறங்கியது. குளித்துவிட்டு ஈர இறகோடு வந்த காவல்காரர்களை விரட்டி அடித்தார்கள். தடுக்க வந்த கிழக்குமலை ராஜாவின் வாலைக் கொத்தோடு பிடுங்கிவிட்டார்கள். ராஜா வாலில்லாமல் தத்தித் தத்தி மலையேறினார். கிழக்குமலைக் குஞ்சுகள் அன்று பசியோடு தூங்கின.

பொன்னலகி புருஷனைத் தேடி வந்தாள்.

"குளிக்கப் போற நேரத்தை நான் உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன், மச்சான்?"

"பொன்னு, அது வந்து..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் சேந்தனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் பறந்து போய்விட்டாள்.

போக அவளுக்கு இடமும் இல்லை. வீட்டுப் பேச்சை வெளியே விட்டவள் என்று கிழக்குமலையில் முகம் திருப்பினார்கள். எதிரி மகள் என்று மேற்குமலையில் விரட்டினார்கள். வயிற்றிலோ முட்டை. கடைசியில் இரண்டு மலைக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் ஒரு வேங்கைமரத்தைக் கண்டாள். அதில் நல்ல ஆழமான பொந்து ஒன்று இருந்தது. உள்ளே போனாள். மண்ணையும் பழச்சக்கையையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைக்க ஆரம்பித்தாள்.

அதே மரத்தின் மேல்கிளையில் மூக்காயி என்ற மலையணில் குடியிருந்தது. அடுத்த வீட்டு விஷயம் என்றால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"என்னடி பொண்ணே, உயிரோட சமாதி கட்டிக்கிறே?"

"சமாதி இல்லக்கா, கதவு. குஞ்சு பொரிஞ்சு வளர்ற வரைக்கும் எந்த நாட்டு அலகும் உள்ள வரக்கூடாது. என் வீட்டுக்காரர் அலகு முக்கியமா வரக்கூடாது."

"அதெல்லாம் சரி. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

கோபத்தில் இருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அதற்குள் முட்டையும் இட்டுவிட்டாள், கதவும் காய்ந்து கல்லாகிவிட்டது. மூச்சு விட ஒரு சின்னக் கீறல்தான் மிச்சம். வெளியே வர வேண்டுமென்றால் கதவை உடைக்க வேண்டும். உடைத்தால் அடியில் கிடக்கும் முட்டைக்கு யார் பாதுகாப்பு? பொன்னலகி முட்டையை அணைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தாள்.

மூக்காயிக்குத் தெரிந்தது காட்டுக்கே தெரிந்த மாதிரிதான். செய்தி கேட்ட சேந்தன் வாய் நிறைய அத்திப்பழத்தோடு வந்தான். வழக்கம்போல ஓசையில்லாமல் வந்தான். கீறலில் திடீரென்று ஓர் அலகு தெரிந்ததும் பொன்னலகி பதறிப்போய் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினாள்.

"யாரு?"

"நான்தான்!"

"சத்தமில்லாம எங்க மரத்தைப் பிடிச்சவங்களும் இப்படித்தான் வந்தாங்க. எங்கப்பா வாலைப் பிடுங்கினவங்களும் இப்படித்தான் வந்தாங்க. வர்றது புருஷனா களவாணியான்னு உள்ள இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? போங்க, மேற்குமலை இளவரசரே."

மச்சான் போய் இளவரசர் ஆகிவிட்டது சேந்தனுக்கு உறைத்தது. பழங்களைக் கீறலில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். "வீணாப் போகக்கூடாதே" என்று மூக்காயி அத்தனையையும் தின்றது. அடுத்த நாளும் இதே கதைதான். மூக்காயி கொழுத்தது, பொன்னலகி மெலிந்தாள். இப்படியே போனால் அவளும் பிழைக்க மாட்டாள், முட்டையும் பிழைக்காது என்பது சேந்தனுக்குப் புரிந்தது.

அவன் எதிர்க்கிளையில் போய் உட்கார்ந்தான். பிறகு சிறகை விரித்தான். இருவாச்சிகளின் சிறகுக்கு அடியில் அப்போது பஞ்சு மாதிரிச் சிற்றிறகுகள் வரிசையாக இருந்தன. காற்றின் சத்தத்தை விழுங்குகிறவை அவைதான். சேந்தன் அலகை விட்டு அவற்றைப் பிடுங்க ஆரம்பித்தான். வலியில் கண்ணில் நீர் முட்டியது.

"அடப்பாவி!" என்று மூக்காயி கத்தியது. "அதைப் பிடுங்கினா உன்னை எந்தப் படையில தம்பி சேர்த்துக்குவாங்க?"

"எந்தப் படையும் வேணாங்க்கா."

"ராஜா பட்டம்?"

"அதை அப்பாவே வச்சுக்கட்டும்."

மறுநாள் காலை சேந்தன் பழத்தோடு கிளம்பினான். சிறகை ஓர் அடி அடித்ததும் பள்ளத்தாக்கே அதிர்ந்தது. பின்னால் ஏதோ துரத்தி வருகிறதென்று அவனே பயந்து திரும்பிப் பார்த்தான். பெருமழை வருகிறதென்று தவளைகள் கத்த ஆரம்பித்தன. ஒரு குரங்குக் கூட்டம் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து உருண்டது. அவன் யாரையும் பார்க்காமல் பறந்தான்.

பொந்துக்குள் பொன்னலகி காதைத் தீட்டிக்கொண்டாள். சத்தம் ஆற்றைத் தாண்டியது, மேட்டில் ஏறியது, அவள் வாசலில் வந்து நின்றது.

"நான்தான்" என்றான் சேந்தன்.

"அதைத்தான் காடே சொல்லிருச்சே" என்றாள் அவள். கீறல் வழியாக அவள் அலகு மெல்ல வெளியே வந்தது. ஒரு பழம் வாங்கினாள். இன்னொன்று வாங்கினாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. மூக்காயிக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

"பழத்தை வாங்கிக்கிட்டேன். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"நாளைக்கும் வரணும்."

"வர்றேன்."

அவன் நாளைக்கும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். குஞ்சு பொரிந்தது. இரண்டு வாய்க்குச் சேர்த்துச் சுமந்தான்.

இதற்கிடையே பெருங்கொண்டையாருக்கு மரம் போதவில்லை, கிழக்குமலையும் வேண்டுமென்று தோன்றிவிட்டது. ஒரு விடியற்காலையில் பழம் பறிக்கப் போன சேந்தன், மூடுபனிக்குள் அப்பாவின் படை ஓசையில்லாமல் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தான். மாட்டிக்கொண்டால் மகன் என்றும் பார்க்க மாட்டார்கள், கொன்றே போடுவார்கள். அவன் போய்ச் சேராவிட்டால் பொந்துக்குள் இரண்டு வாயும் பட்டினி. அதெல்லாம் தெரிந்துதான் அவன் படைக்கு நேர் மேலாகப் பறந்தான்.

அவன் சிறகுச் சத்தத்தில் கிழக்குமலை மொத்தமும் விழித்துக்கொண்டது. குஞ்சுகள் கூடக் கத்தின: "மாப்பிள்ளை வர்றாரு! மாப்பிள்ளை வர்றாரு!"

அந்தப் பெயர் அன்று சேந்தனுக்குத் தேனாக இனித்தது.

கீழே பெருங்கொண்டையார் ஆத்திரத்தோடு கத்தினார். "டேய், சிறகை மூடுடா!"

"மூடினா விழுந்துருவேன்ப்பா!"

முதலில் சிரித்தவர் கிழக்குமலை ராஜாதான். வாலில்லாததால் சிரிக்கும்போது தடுமாறி, கிளையிலிருந்து முன்பக்கமாகக் கவிழ்ந்தார். அதைப் பார்த்து மேற்குமலைப் படையும் சிரித்துவிட்டது. சிரித்த வாயால் எப்படிக் கொத்துவது? சண்டை அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"சம்பந்தி, மரம் பொதுவா இருக்கட்டும்" என்றார் கிழக்குமலை ராஜா, எழுந்து உட்கார்ந்தபடி. "ஆனா இனிமே யார் எங்க போனாலும் எம் மாப்பிள்ளை மாதிரி சத்தத்தோடதான் போகணும்."

இரண்டு நாட்டுப் பறவைகளும் வரிசையில் நின்று சிற்றிறகுகளைப் பிடுங்கிப் போட்டன. கடைசியாகப் பிடுங்கியவர் பெருங்கொண்டையார். "ஐயோ அம்மா" என்ற அவர் அலறல் அடுத்த மலை வரை கேட்டது.

குஞ்சு வளர்ந்ததும் பொன்னலகி கதவை உடைத்து வெளியே வந்தாள். சேந்தனோடு சேர்ந்து பறந்தாள், சேர்ந்து தின்றாள், சிரித்துப் பேசினாள். ஆனால் மச்சான் என்று மட்டும் கூப்பிடவில்லை. சேந்தனும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

அடுத்த பழக்காலம் வந்தது. ஒருநாள் பொன்னலகியைக் காணாமல் தேடிப்போனவன், அவள் பழைய வேங்கைமரப் பொந்துக்குள் உட்கார்ந்து வாசலுக்கு மண் பூசிக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"இப்ப நான் என்ன பண்ணேன்? எதுக்குக் கோபம்?"

"கோபமா?" பொன்னலகி பூசுவதை நிறுத்தாமல் சொன்னாள். "சண்டை முடிஞ்சாலும் பாம்பும் மரநாயும் காட்டுல இருக்கத்தானே செய்யுது? அதுவும் இல்லாம, இந்தத் தடவை பறக்கிற இறகையும் உள்ளயே உதிர்க்கப் போறேன். புதுசா முளைக்கிற வரைக்கும் நீங்க கொண்டாந்து கொடுத்தாத்தான் எனக்குச் சாப்பாடு."

"நான் வரலைன்னா?"

அவள் கீறல் வழியாக அவனை ஒரு பார்வை பார்த்தாள். "போன தடவை உங்களை நம்பாம அடைச்சேன். இந்தத் தடவை நம்பித்தான் அடைக்கிறேன், மச்சான். நின்னு பார்த்துக்கிட்டே இருக்கீங்களே, மண்ணு பத்தல, ஓடுங்க!"

சேந்தன் பறந்த வேகத்தில் அன்றும் தவளைகள் மழை வருகிறதென்று கத்தின. மேல்கிளையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூக்காயி, இரண்டு மலைப் பெண்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டது.

அதிலிருந்துதான் முட்டையிடும் பெண் இருவாச்சி தன் பொந்தின் வாசலைத் தானே அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது, ஆண் இருவாச்சி காடு முழுக்கக் கேட்கும்படி சிறகடித்துக்கொண்டு அதற்குப் பழம் கொண்டுவருகிறது.