எருமை மிதிக்காத படம்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் திரு. ஞானசிகாமணி. அவர் சுவரில் தீட்டிய ஓவியத்தை, 'விளங்கவில்லை' என்று கூறி நிர்வாகத்தார் சுண்ணாம்பு அடித்து மறைத்த அன்று சொன்னார்.

குளக்கரையில் நண்டு ஒன்று வாழ்ந்தது. ஈரச் சேற்றில் கால்களால் படம் வரைவது அதன் வழக்கம். அப்படத்தில் மீனும் இல்லை, மரமும் இல்லை, வெறும் கோடுகள். சில நெருங்கின, சில விலகின, ஒன்று பாதியிலேயே நின்றது.

"இது என்ன, நண்டக்கா?" என்று கேட்டது தவளை.

"பார்க்கிறாயே, அதுதான்!"

"தலை எது? வால் எது?"

"உனக்கே வால் உதிர்ந்துவிட்டது. படத்துக்கு மட்டும் எதற்கு?"

கொக்கு இகழ்ந்து சிரித்தது. "கால் வழுக்கியதை எல்லாம் கலை என்கிறாள்! தாமரை வரையேன்! எல்லாருக்கும் பிடிக்கும். ஏழு நாவற்பழம் தருகிறோம்!"

அப்போது எருமை நீர் குடிக்க வந்தது. வழியில் கிடக்கும் எதையும் மிதித்துச் செல்லும் முரட்டு எருமை அது. படத்தின் முன் நின்றது, உற்றுப் பார்த்தது, சுற்றிக்கொண்டு போனது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நண்டும்தான்!

பாராட்டின்மேல் கொண்ட ஆசை வென்றது. நண்டு தன் கோடுகளை அழித்துத் தாமரை வரைந்தது. "அச்சு அசல் தாமரை!" என்று கரையே ஆர்ப்பரித்தது. பழங்கள் வந்தன. நண்டு இரண்டைத் தின்றது.

மறுநாள் எருமை, தாமரையின் நடுவே நடந்து போயிற்று!

"எருமை மாமா! கண் தெரியவில்லையா? எல்லாருக்கும் பிடித்த படம்!" என்று கதறியது நண்டு.

"தாமரையா? குளம் நிறையக் கிடக்கிறதே, அம்மா! நேற்று இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிடித்தது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதன்மேல் கால் வைக்க மனம் வரவில்லை."

ஆர்ப்பரித்த வாய்களில் ஒன்றேனும் வருந்தியதா? இல்லை!

"போனால் போகட்டும். இன்னொரு தாமரை போடு!" என்றது கொக்கு.

நண்டுக்குச் சினம் பொங்கியது. "தாமரை வேண்டுமென்றால் குளத்தைப் பார்! என் கால்களை ஏவாதே!" என்று மிஞ்சிய ஐந்து பழங்களையும் கொக்கின் காலடியில் உருட்டிவிட்டது. பிறகு சேற்றுக்குத் திரும்பியது. அழித்த கோடுகள் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. முதலிலிருந்து தொடங்கியது.

பிறர் மெச்சுவதற்காகத் தன் படைப்பை அழிப்பவர், படைப்பையும் இழப்பார், மதிப்பையும் இழப்பார். தின்ற பழங்களுக்கு ஈடாக, அடுத்த காற்றில் மரத்திலிருந்து உதிர்ந்த பழங்களில் இரண்டைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொக்கிடம் கொடுத்தது நண்டு. ஆகத் திருப்பித் தந்த நாவற்பழங்கள் ஏழு.