மூன்றாவது வரிசை ட்ரம்பெட்

"மாஸ்டர், எந்த வரிசையில நின்னா யார் கண்ணுலயும் படமாட்டேன்?"

கேட்டவர் லாசரஸ். வயது அறுபத்தொன்று. போலீஸ் பேண்டில் முப்பத்திரண்டு வருடம் ட்ரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் ஆண்களை நேசிக்கிறவர் என்பது இப்போது அவர் வாசிக்கும் இந்த பேண்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மாஸ்டர் மரகதம், திருநங்கை. லாசரஸைவிட இருபத்தைந்து வயது இளையவர். தன்னையும் லாசரஸையும் போன்றவர்களைச் சேர்த்து கோவையில் இந்த பேண்டை நடத்துகிறார். ட்ரம்பெட்டில் லாசரஸுக்குச் சொல்லித்தர அவரிடம் எதுவும் இல்லை. ஆனாலும் லாசரஸ் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்பார்.

"மூணாவது வரிசை," என்றார் மரகதம். "நடுவுல."

ஞாயிறு காலை, தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் வானவில் பேரணி. பேண்டில் நாற்பது பேர். லாசரஸ் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு நடுவில் நின்றார்.

இரண்டு தெரு நன்றாகவே போனது.

சிக்னல் அருகே, நடைபாதையில், காய்கறிப் பையோடு ஒருவர் நின்றிருந்தார். தங்கவேலு. போலீஸ் பேண்டில் லாசரஸுக்குப் பக்கத்தில் நடந்து டிரம் அடித்தவர்.

லாசரஸின் கால் நின்றது. பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார்.

மரகதம் கையை உயர்த்தினார். பேண்ட் மொத்தமும் அடங்கியது.

"என்ன சார்?"

"அங்க நிக்கிறான் பாருங்க. என்கூட வேலை பார்த்தவன். என்னைப் பார்த்துட்டான். நீங்க போங்க மாஸ்டர், நான் ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயிடறேன்."

தடுப்பார் என்று லாசரஸ் எதிர்பார்த்தார்.

"வழி விடுங்க," என்று வரிசையிடம் சொன்னார் மரகதம்.

விட்டார்கள். அந்த வழி நேராகத் தங்கவேலு நின்ற நடைபாதைக்குப் போனது.

பேண்ட் சீருடையில், கையில் ட்ரம்பெட்டோடு, லாசரஸ் தனியாக நடந்தார். சாலை முழுவதும் அவரைப் பார்த்தது.

தங்கவேலுதான் முதலில் பேசினார்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"நீ பார்த்துட்டியே."

"எங்க பார்த்தேன்? மார்க்கெட்டுல வெங்காயம் வாங்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. மேல் ஸ்வரத்துக்குப் போறப்போ ட்ரம்பெட்டை லேசா இழுத்து வாசிக்கிறவன் நீ ஒருத்தன்தான். அதான் தேடிட்டு வந்தேன்."

லாசரஸ் பின்னால் நின்ற கூட்டத்தைக் கைகாட்டினார்.

"இது என்ன பேரணின்னு தெரியுமா?"

"பேனர்ல எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாட்டு பாதியில நிக்குது."

லாசரஸ் திரும்பினார். மூன்றாவது வரிசையில் அவர் இடம் காலியாகவே இருந்தது. அதைத் தாண்டி நடந்து, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

மரகதம் அவரைப் பார்த்தார்.

"இங்க வெயில் ஜாஸ்தி சார்."

"பரவாயில்ல, மாஸ்டர்," என்று சொல்லி லாசரஸ் ட்ரம்பெட்டை உயர்த்தினார்.