குறுக்கே வந்த சைக்கிள்

மாநகராட்சிப் பொறியாளர் சந்தானம் ஞாயிறுதோறும் தில்லையம்மாளின் மடத்துக்கு வருவார். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர்.

அன்று பந்திக்கு முன் சொன்னார்:

"அம்மா, ஆறுவழிச் சாலையில லாரி மோதி ஒரு பொண்ணு செத்துட்டா. பேரு லூர்துமேரி. சைக்கிள்ல தையல் கம்பெனிக்குப் போறவ. நாளைக்கு நான் அறிக்கை கொடுக்கணும். எழுதிட்டேன். ஆனா மனசு அடங்க மாட்டேங்குது."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"சைக்கிள் குறுக்கே வந்ததுதான் விபத்துக்குக் காரணம்னு. அதனால, அவங்க கடக்கிற இடத்துல நடுத்தடுப்புல இருக்கிற இடைவெளியை மூடிடச் சொல்லியிருக்கேன்."

"மூடிட்டா மத்த பொண்ணுங்க எப்படி வேலைக்குப் போவாங்க?"

"பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும். கொஞ்சம் சுத்து."

"போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. கார்ல ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள வந்துட்டேன்."

தில்லையம்மாளின் முகம் கறுத்தது. சந்தானம் அவசரமாகச் சொன்னார்:

"நாங்க சைக்கிளுக்கு விரோதி இல்லைம்மா. ஏரிப் பூங்காவுல புதுசா வாடகை சைக்கிள் விட்டிருக்கோம். ஃபோனைக் காட்டினா பூட்டு திறந்துக்கும். தனிப் பாதை, ரெண்டு பக்கமும் பூச்செடி. ஞாயித்துக்கிழமைன்னா நிக்க இடமில்லை."

"திங்கக்கிழமை?"



தில்லையம்மாள் எழுந்தார். கூடத்துப் பெஞ்சை இழுத்து வந்து சமையலறை வாசலை மறித்துப் போட்டார். அதில் உட்கார்ந்துகொண்டு, சீடரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. சமையற்காரர் முனிரத்தினம் கொதிக்கும் சாம்பார் வாளியோடு உள்ளிருந்து வந்தார்.

"தள்ளுங்கம்மா, சூடு! சூடு!"

"ஏன்யா குறுக்கே வர்றே?" என்று அதட்டினார் தில்லையம்மாள்.

முனிரத்தினம் வாளியைக் கீழே வைத்தார்.

"யாரு, நானா? நல்ல கதையா இருக்கே! காலையிலேர்ந்து இந்த வழியாத்தான் போய் வந்துக்கிட்டிருக்கேன். வாசல்ல வந்து குந்திக்கிட்டு என்னையே கேப்பீங்களா? ஐயா, அவங்கதான் விளையாடுறாங்க, நீங்களாவது எந்திரிங்க. அங்கே சோறு ஆறுது."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். சந்தானம் எழுந்து பெஞ்சைத் தானே நகர்த்தினார். சாம்பார் போயிற்று. அவர் சாப்பிட உட்காரவில்லை.

"அப்போ அறிக்கையில நான் என்னதாம்மா எழுத?"

"அந்தப் பொண்ணு மொதல் மொதல்ல எந்த வருஷம் அந்த வழியா வேலைக்குப் போனாளோ, அதை எழுதுங்க." தில்லையம்மாளின் குரல் கோபத்தில் நடுங்கியது. "அதுக்குக் கீழே, உங்க ரோடு வந்த வருஷத்தை எழுதுங்க."